ஜூன் ஒண்ணாந்தேதிக்காரர்கள்

புதுச்சேரியில், எங்கள் திருக்கனூர் கடைவீதியில் சென்ற மாதம் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி, பட்டு ஜிப்பா, இரண்டு பக்கமும் சிங்கம், பின்னால் ஒரு ஹெலிகாப்டர். நடுவில் நின்ற பிறந்தநாள் நாயகனுக்கு வயது ஒன்று. கீழே பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், தாய்மாமனின் சிநேகிதர்கள் என்று வரிசையாகத் தலைகள். எல்லோரும் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்கள். குழந்தையிடம் யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

பொது இடங்களை இப்படி அலங்கோலப்படுத்தக் கூடாது என்று புதுச்சேரியில் 2000ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. சட்டம் அது பாட்டுக்கு இருக்கிறது, ஃப்ளெக்ஸ் அது பாட்டுக்கு ஆடுகிறது. ஆகஸ்ட் 4 முதல்வர் ரங்கசாமியின் பிறந்தநாள். அந்த வாரம் பாண்டிப் பக்கம் போனால் பேனரில் அவருக்குப் போடாத வேஷம் இருக்காது. தலைவருக்கு வைத்தது தொகுதிக்கு இறங்கி, தொகுதியிலிருந்து தெருவுக்கு இறங்கி, கடைசியில் தொட்டிலுக்கே வந்துவிட்டது.

எனக்கு ஒரு வயது முடிந்தபோது, முடிந்தது என்பதே எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அம்மாவைக் கேட்டிருக்கிறேன். “நாத்து நட்டுக்கினு இருந்திருப்பேன், வேற இன்னா?” என்றாள்.

இத்தனைக்கும் பிறப்பை எழுதி வைக்கத் தெரியாத குடும்பம் இல்லை. தாத்தா பிரெஞ்சுக்காரன் காலத்தில் பிறந்தவர். அப்போது குழந்தை பிறந்தால் மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், போய்ச் சொல்லிப் பதிய வேண்டும். தேதி, மணி, தகப்பன் பெயர், தாய் பெயர், சாட்சி, எல்லாம் பிரெஞ்சில் ஏறும். தாத்தாவின் பத்திரத்தில் விடிகாலை நாலு மணி என்று இருந்தது. மணிக்கணக்குச் சுத்தமாகப் பிறந்த அந்த மனுஷர் ஒரு வருஷம்கூடப் பிறந்தநாள் கொண்டாடியதில்லை. ஓட்டலில் சாப்பிட்டதும் இல்லை. “வூட்ல சோறு இல்லாதவன்தான் கிளப்புக் கடையில போயி குந்துவான்” என்பார். டவுனில் டீ குடித்தாலும் நின்றுகொண்டேதான் குடிப்பார். உட்கார்ந்தால் சாப்பிட வந்தவன் என்று யாராவது நினைத்துவிட்டால்?

எனக்கு வந்த வினை, அம்மா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனது. அது எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாடு. எங்கள் மண்ணாடிப்பட்டு கொம்யூன் பஞ்சாயத்தில் எல்லை என்பது பல இடங்களில் ஒரு வரப்புதான். மாடு காலையில் புதுச்சேரியில் மேய்ந்து மத்தியானம் தமிழ்நாட்டில் தண்ணீர் குடிக்கும். ஆனால் வரப்பைத் தாண்டிப் பிறந்த பிள்ளையை இந்தப் பக்கம் எழுத வேண்டுமா, அந்தப் பக்கம் எழுத வேண்டுமா என்பது தெளிவாகவில்லை. தாய்மாமன் அப்பா எழுதுவார் என்று இருந்துவிட்டார், அப்பா தாய்மாமன் எழுதுவார் என்று இருந்துவிட்டார். பிறப்பையும் இறப்பையும் கட்டாயம் பதிய வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் 1969இல்தான் வந்தது. நான் அதற்குள் நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தேன்.

எனவே என் பிறப்புக்கு ஆதாரம் ஆயாவின் வாய்தான். “தீவாளி கழிஞ்சு அஞ்சாறு நாளு, அடைமழை, பூராடம்.” வருஷம் 1965. பாகிஸ்தான் சண்டை முடிந்திருந்த நேரம், நாட்டில் தானியத் தட்டுப்பாடு. வாரத்தில் ஒரு வேளை, திங்கட்கிழமை ராத்திரி, சாப்பாட்டை விடுங்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி நாட்டைக் கேட்டுக்கொண்டார். பல ஊர்களில் ஓட்டல்கள் திங்கள் சாயங்காலம் அடுப்பை அணைத்துக் கதவைச் சாத்தின. ஓட்டல்காரர்களே பட்டினி கிடக்கச் சொன்ன பருவத்தில் பிறந்திருக்கிறேன். பிறகு நடந்ததற்கெல்லாம் இதுவே காரணமாக இருக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் தேதி கேட்டார். அப்பா தீபாவளி, மழை, பூராடம் என்று ஆரம்பித்தார். வெளியே இன்னும் நாற்பது தகப்பன்கள் நின்றார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயசு நிறைந்திருக்க வேண்டும், எனக்கோ அதற்கு இன்னும் சில மாதம் பாக்கி. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார் ஹெட்மாஸ்டர். தொட்டேன். ‘1.6.1965’ என்று எழுதி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அன்றைக்கு எங்கள் வகுப்பில் ஏழெட்டுப் பேரை அவர் அதே தேதியில் பெற்றெடுத்தார். எந்தப் பிரசவ ஆஸ்பத்திரியும் அத்தனை சுறுசுறுப்பாக வேலை செய்ததில்லை.

அந்தத் தேதி என்ன செய்யும் என்பது அறுபது வயசில்தான் தெரிந்தது. நான் அரசு வேலையில் இருந்தேன். எந்தத் தேதியில் பிறந்தவனும் அறுபது நிறையும் மாதத்தின் கடைசி வரை வேலை பார்க்கலாம், ஒண்ணாந்தேதி பிறந்தவனைத் தவிர. அவன் முந்தின மாதக் கடைசியிலேயே வீட்டுக்குப் போக வேண்டும். அடிப்படை விதி 56இல் அப்படித்தான் இருக்கிறது. ஜூன் 2 என்று எழுதியிருந்தால் ஒரு மாதச் சம்பளம் கூட. ஆயா சொன்னபடி எழுதியிருந்தால் ஐப்பசி வரை ஓடியிருக்கும். 2025 மே 31 சாயங்காலம் மாலையும் பொன்னாடையுமாக என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

ஐப்பசிக்கு வருகிறேன். தீபாவளி முடிந்து ஐந்தாறு நாளில் பிறந்தநாள் வருவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது அப்படிப் பிறந்தவனுக்குத்தான் தெரியும். புதுச்சட்டை? அதுதான் தீபாவளிக்கு எடுத்தாயிற்றே. பட்சணம்? அதுதான் டப்பாவில் இருக்கிறதே. இருந்தது அதிரசம். முதல் நாள் மெத்தென்று இருந்த அதிரசம் ஆறாம் நாள் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் பதத்துக்கு வந்துவிடும். அம்மா இட்லிப் பானையில் துணி போட்டு அதை ஆவியில் வைப்பாள். வெல்லம் இளகி, எள் மேலே வந்து, ஓரங்களில் நெய் கசிந்து, ஒரு கால்மணி நேரத்துக்கு அது மறுபடியும் அதிரசமாக நடிக்கும். அந்தக் கால்மணிக்குள் தின்றுவிட வேண்டும். ஆறினால் முன்னைவிடக் கெட்டியாகிவிடும்.

இதிலும் ஒரு சிக்கல். தீபாவளி அமாவாசைக்கு மறுநாளிலிருந்து கந்த சஷ்டி விரதம். பூராடம் சரியாக விரதத்தின் கடைசி நாட்களில் வந்து உட்காரும், சில வருஷம் சூரசம்ஹாரத்தன்றே வரும். அம்மா மயிலம் முருகனுக்கு நேர்ந்துகொண்டு ஆறு நாளும் விரதம். அடுப்பில் கறி, மீன், முட்டை எதுவும் ஏறாது. தெருவில் மற்ற பையன்களுக்குப் பிறந்தநாள் என்றால் ஒரு கோழியாவது தப்பிக்காது. என் பிறந்தநாளன்று ஊர்க்கோழிகள் நிம்மதியாக மேய்ந்தன.

எனவே நான் கறிக்கு வெளியே போக வேண்டியிருந்தது. ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கும்போது முதல் தடவை போனோம். என்னோடு வாதானூரான், கூனிச்சம்பட்டான், மணலிப்பட்டான். எங்களுக்குள் ஊர்ப்பெயர்தான் பெயர். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பரோட்டாக் கடை, ஓலைச்சார்ப்பு. என்னிடம் இருந்த காசுக்கு நாலு பரோட்டா வரும், ஆளுக்கு ஒன்று. ஆனால் சால்னாவுக்குக் காசு கிடையாது. இது தெரிந்த பிறகு பரோட்டா என்பது சால்னாவைத் தொட்டுக்கொள்ள உதவும் ஒரு பொருள் மட்டுமே. பிய்த்துப் போட்டு, சால்னாவில் முழுக விட்டு, பரோட்டா தீர்ந்து சால்னா மீந்தது என்று பரோட்டாவும், சால்னா தீர்ந்தது என்று சால்னாவும் மாறி மாறிக் கேட்பதுதான் முறை. நாங்கள் இரண்டாவதை மட்டும் கேட்டோம். நாலாவது தடவை கரண்டியோடு வந்த கடைக்காரர், “தம்பிங்களா, எலையில பரோட்டாவே இல்லியேப்பா” என்றார். “இன்னிக்கு இவனுக்குப் பொறந்தநாளுண்ணே” என்றான் கூனிச்சம்பட்டான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறந்தநாளுக்கும் சால்னாவுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்திருக்க வேண்டும். பிறகு ஒரு கரண்டி ஊற்றினார். அதில் தப்பித்தவறி ஒரு எலும்பு வந்தது. எங்கள் நாலு பேரில் அது யாருக்கு என்பதில் ஏற்பட்ட தகராறு இன்னமும் முழுசாகத் தீரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முகர்ந்து பார்த்தாள். சஷ்டி முடியும் வரை என்னைத் திண்ணையில் படுக்க வைத்தாள்.

கல்லூரி லாஸ்பேட்டையில், தாகூர் கலைக் கல்லூரி. பத்துக்கண்ணு வழியாகப் பஸ். அப்போதுதான் பாண்டி ஓட்டல்களை உள்ளே போய்ப் பார்க்கும் பாக்கியம் வாய்த்தது. நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் ஒரு காபியை இரண்டாக வாங்கி இரண்டு மணி நேரம் உட்காரலாம். பிற்காலத்தில் ‘லைஃப் ஆஃப் பை’ நாவலின் முன்னுரையில் அந்த இடம் வந்து, வெளிநாட்டுக்காரர்கள் தேடி வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் தேடி வந்தது மின்விசிறியை.

சாப்பாட்டு ஓட்டல் வேறு விஷயம். அங்கே கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை தொங்கும்: ‘ஒரு சாப்பாட்டை இருவர் பகிர்ந்து உண்ண அனுமதி இல்லை.’ எங்களை நேரில் பார்த்து எழுதியதுபோல இருக்கும். நல்லவேளை, பலகையில் பார்சலைப் பற்றி ஒன்றும் போடவில்லை. உள்ளே உட்கார்ந்து சாப்பிடும் அளவுச் சாப்பாட்டைவிடப் பார்சலில் சோறு அதிகம். எங்கே போய் மறுசோறு கேட்பான் பாவம் என்று ஓட்டல்காரர்கள் அழுத்தி வைப்பார்கள். ஒரு பார்சலை இரண்டு பேர் தாராளமாகவும் மூன்று பேர் கொஞ்சம் அக்கறையோடும் சாப்பிடலாம்.

என் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு அப்படி இரண்டு பார்சல் வாங்கிக்கொண்டு பாரதி பூங்காவுக்குப் போனோம். செய்தித்தாளைப் பிரித்தால் உள்ளே வாழையிலை, இலையை விரித்தால் ஆவியில் கறுத்துப்போன பச்சை வாசனை. சோற்றுக்குள் புதைந்து சாம்பார், ரசம், காரக்குழம்பு, மோர் என்று நூல் கட்டிய சின்னச் சின்னப் பைகள். ரசப்பையின் முடிச்சைப் பல்லால் கடிக்கக் கூடாது, மூக்கில் ஏறும். மணலிப்பட்டான் கடித்தான். அப்பளம் பார்சலில் வந்து சேர்வதற்குள் பொடியாகிவிடும், அதைச் சோற்றின் மேலே தூவிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு இலையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு நாலு பேர் சுற்றி உட்கார்ந்தோம். எதிரில் ஆயி மண்டபம். ஊருக்குக் குளம் வெட்டித் தண்ணீர் தந்த ஆயி என்ற தாசியின் நினைவாக மூன்றாம் நெப்போலியன் கட்டச் சொன்னது. சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால் பூங்காக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீருக்காகவே கட்டிய நினைவுச்சின்னத்துக்கு முன்னால் மோர்ப்பையில் மிச்சமிருந்ததை ஊற்றிக் கை கழுவினோம்.

அன்றைக்குச் செலவு என்னுடையது. பிறந்தவன்தான் கொடுக்க வேண்டும் என்பது நம் பக்கத்துச் சட்டம். பல தேசங்களில் பிறந்தநாள்காரனைக் கூட்டிப்போய் மற்றவர்கள் காசு போட்டுச் சாப்பிட வைப்பார்களாம். கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இங்கே ஒருவன் பிறந்துவிட்டான் என்றால் அதற்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும். “எப்படா ட்ரீட்டு?” என்பதுதான் வாழ்த்து. கல்யாணத்தில் மொய் நோட்டு இருக்கிறது, யார் எவ்வளவு வைத்தார்கள் என்று எழுதி வைத்துத் திருப்பிச் செய்யலாம். ட்ரீட்டுக்கு நோட்டு கிடையாது, ஆனால் நோட்டைவிட ஞாபகம் அதிகம். கூனிச்சம்பட்டானுக்கு 1984இல் யார் வெறும் டீ வாங்கிக் கொடுத்து ஏமாற்றினார்கள் என்பது இன்றைக்கும் தெரியும்.

இப்போது எனக்கு மூன்று பிறந்தநாள். முதலாவது ஜூன் 1, ஆதார், பான், பென்ஷன் புத்தகம் எல்லாம் ஒப்புக்கொண்ட தேதி. இரண்டாவது ஐப்பசிப் பூராடம், வீட்டாருக்கும் குருக்களுக்கும். மூன்றாவது அக்டோபர் 29. என் மகள் பழைய பஞ்சாங்கத்தைக் கணினியில் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். “ஒரிஜினல் டேட்டுப்பா” என்றாள். அவ்வளவு வருஷம் போலியாக வாழ்ந்தவனைப் பார்க்கும் பார்வை. அதை முகநூலிலும் போட்டுவிட்டாள். அரசாங்கக் கணக்கில் அறுபது முடிந்து பென்ஷன் வந்த பிறகு, சாமி கணக்கில் அறுபது முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. திருக்கடையூரில் மணிவிழாவுக்குக் குருக்கள் ஐப்பசியைத்தான் ஏற்றுக்கொண்டார். ஆதாரை நீட்டினேன், கையாலேயே தள்ளிவிட்டார்.

மூன்று தேதிக்கும் மூன்று கூட்டம், மூன்று ஓட்டல். சின்ன வயசில் ஒரே ஒரு பிறந்தநாள், அதற்கும் பழைய அதிரசம். இப்போது சர்க்கரையும் கொழுப்பும் ஏறி, டாக்டர் பாதி உணவுகளை அடித்துவிட்ட பிறகு, வருஷத்துக்கு மூன்று விருந்து.

பேரனின் முதல் பிறந்தநாளுக்கு மண்டபமே பிடித்தார்கள். வாசலில் பலூன் வளைவு, உள்ளே சின்னச் சின்ன ஸ்டால். பஞ்சுமிட்டாய் ஸ்டால் மட்டும் இல்லை. 2024 பிப்ரவரியில் அதில் ரோடமின்-பி சாயம் கலக்கிறார்கள் என்று புதுச்சேரியில்தான் முதலில் தடை போட்டார்கள், பின்னாலேயே தமிழ்நாடும் போட்டது. நாங்கள் வாய் சிவக்கத் தின்று வளர்ந்தது என்ன சாயம் என்று இப்போது கேட்டுப் பிரயோஜனம் இல்லை. வந்த பிள்ளைகளுக்குத் திரும்பப் பரிசு, ஏதோ தூரதேசத்து பிளாஸ்டிக் டைனோசர். திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோம். காகிதத்தை ஊறவைத்து அரைத்து அச்சில் போட்டு, காய்ந்த பிறகு வர்ணம் தீட்டிச் செய்வது. அதைப் பாண்டிக்கு வரும் வெள்ளைக்காரர்கள் பத்திரமாகச் சுற்றி எடுத்துப் போகிறார்கள். திருக்கனூர்ப் பிள்ளைக்கு டைனோசர். மருமகளிடம் சொன்னேன். “பொம்மை ஒடஞ்சிடும் மாமா” என்றாள். டைனோசர் அன்று சாயங்காலமே ஒடிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

கேக் வெட்டும்போது ஒலிபெருக்கியில் அந்த ஆங்கிலப் பாட்டு. அமெரிக்காவில் 1893இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக இரண்டு சகோதரிகள் போட்ட மெட்டு அது. பின்னால் ஒரு கம்பெனி அதற்கு உரிமை கொண்டாடி, காசு கொடுத்தால்தான் வியாபாரத்தில் பாடலாம் என்றது. அதற்குப் பயந்து பெரிய ஓட்டல் கம்பெனிகள் தங்கள் சிப்பந்திகளுக்கு வேறு பாட்டு எழுதிக் கொடுத்திருந்தன. 2015இல் நீதிமன்றம் அந்த உரிமை செல்லாது என்றது, மறுவருஷம் கம்பெனி 1.4 கோடி டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. நம் ஊரில் ஒரு டீக்கடை கேக்குக்கும் யாரும் பைசா கட்டியதாக வரலாறு இல்லை. அறிவுமதி நல்ல தமிழில் ஒரு பிறந்தநாள் பாட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். மண்டபத்துக்காரரிடம் கேட்டேன். அது பென் டிரைவில் இல்லை என்றார்.

கேக் வெட்டுகிற கத்தியும் வளர்ந்துவிட்டது. 2018 பிப்ரவரியில் பூந்தமல்லி பக்கம் மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடி பட்டாக்கத்தியால் கேக் வெட்டிப் பிறந்தநாள் கொண்டாட, வாழ்த்த வந்த எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் போலீஸ் மொத்தமாக வாரிக்கொண்டு போனது. வாழ்க்கையில் அத்தனை சிநேகிதர்களை ஒரே இடத்தில் கூட்ட முடிந்த மனிதனைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

எங்கள் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு வாட்ஸாப்பில் ஒரு குழு உண்டு. ஜூன் 1 விடிந்தால் அதற்குள் நுழைய முடியாது. ஏழு பேர் ஏழு பேருக்கு வாழ்த்து, ஏழு பேர் நன்றி, நன்றிக்கு ஏழு கைகூப்பல். குழுவில் செட்டிப்பட்டான் ஒருவன்தான் மார்ச் மாசக்காரன். அவன் அப்பா விவரம் தெரிந்தவர், பிறந்த அன்றே போய்ப் பதிந்துவிட்டார். அவன் பிறந்தநாள் வந்தால் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

2025 ஜூன் 1. அரசு வேலையில் இருந்தவர்களுக்கெல்லாம் முந்தின நாள்தான் பொன்னாடை போட்டிருந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மந்திக் கடைக்குப் போவதென்று முடிவாயிற்று. எட்டு பேர் இரண்டு காரில் போனோம். மந்தி ஏமன் நாட்டு ஹள்ரமவுத் பக்கத்துச் சாப்பாடு. பெரிய தட்டில் சோற்றைப் பரப்பி மேலே கறியை வைத்து நடுவில் கொண்டுவந்து வைக்கிறார்கள், சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம் கல்யாணங்களில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது தலைமுறை வழக்கம். மற்றவர்களுக்கு இப்போதுதான் இது நாகரிகமாகியிருக்கிறது. சுவரில், சாமி படம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஒரு போர்டு: ‘பகிர்ந்து உண்போம், பாசம் வளர்ப்போம்.’ பகிர்ந்து உண்ண எட்டு பேர் தட்டின் விலையைப் பார்த்தேன். பாரதி பூங்காவில் அதற்கு ஒரு வகுப்புக்கே பார்சல் வாங்கியிருக்கலாம். இதற்கு மேல் ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி.

யார் கொடுப்பது என்ற பிரச்சினை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே வந்துவிட்டது. பிறந்தவன் கொடுக்க வேண்டும் என்பது விதி, இங்கே ஏழு பேர் பிறந்திருக்கிறோம். வாதானூரான் கால்குலேட்டரை எடுத்தான். “செட்டிப்பட்டான் கெஸ்ட்டு. அவன் பங்கையும் ஏழாப் போடு” என்றான். செட்டிப்பட்டான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். மார்ச்சில் பிறந்ததன் பலனை அன்றைக்குத்தான் முதல்முதலாக அனுபவித்தான்.

அப்போது மணலிப்பட்டான் மெனு அட்டையின் கடைசிப் பக்கத்தைப் படித்தான். பிறந்தநாள் கொண்டாடுபவருக்கு ஐஸ்கிரீமோடு பிரவுனி இலவசம், ஆதார் காட்டினால் போதும். ஏழு பேரும் பர்ஸை எடுத்தோம். ஆர்டர் எடுக்க வந்த பையன் ஏழு அட்டையையும் வாங்கி வரிசையாக அடுக்கிப் பார்த்தான். ஏழிலும் 01/06/1965.

“எல்லாரும் ஒரே வீடா சார்?”

“ஒரே வாத்தியாரு” என்றான் கூனிச்சம்பட்டான்.

பையன் போய் மேனேஜரைக் கூட்டி வந்தான். அவர் முப்பது வயசுக்குள் இருப்பார், பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பள்ளியில் சேர்ந்த மனிதர்களை நேரில் பார்த்திருக்க மாட்டார். அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போலி ஆதார் கும்பல் என்று சந்தேகம் வந்திருக்கும், ஆனால் எங்கள் தலைமுடியைப் பார்த்து விட்டுவிட்டார்.

“சாரி சார். ஒரு டேபிளுக்கு ஒரு பர்த்டேதான் சிஸ்டம் எடுக்கும்.”

“அப்ப டேபிளைப் பிரிச்சிப் போடு தம்பி” என்றான் கூனிச்சம்பட்டான். சால்னா காலத்திலிருந்து அவன் மாறவே இல்லை.

மத்தியானம் மூன்று மணி, கடை காலி. மேனேஜருக்கும் எங்களை எப்படியாவது முடித்து அனுப்பினால் போதும் என்றிருந்தது. பகிர்ந்து உண்ண வந்த நாங்கள் ஏழு பேரும் எழுந்துபோய் ஆளுக்கொரு மேஜையில் தனித்தனியாக உட்கார்ந்தோம். ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு பிரவுனி, அதில் பொறி பறக்கும் ஒரு மெழுகுவத்தி. பையன்கள் ஒவ்வொரு மேஜையாக வந்து கைதட்டினார்கள், ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு முதலிலிருந்து ஏழு தடவை ஓடியது. ஐந்தாவது மேஜை வரும்போது பையன்களின் கைதட்டலில் சத்தம் குறைந்துவிட்டது. மணலிப்பட்டான் தன் மேஜையிலிருந்தபடியே எல்லோரையும் ஒரே படத்தில் பிடிக்க முயன்று, முடியாமல், எழுந்து வாசல் வரை போய் நின்று எடுத்தான்.

இதெல்லாம் நடக்கும்போது பெரிய தட்டு பழைய மேஜையில் வந்து இறங்கியிருந்தது. அங்கே செட்டிப்பட்டான் மட்டும்தான் இருந்தான். இலவசத்துக்கு அவனிடம் தேதி கிடையாது, எனவே எழுந்திருக்கும் அவசியமும் கிடையாது. நாங்கள் பிரவுனியை முடித்து வாய் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது தட்டில் கறி இருந்த பக்கம் சுத்தமாக இருந்தது. அவன் ஒரு எலும்பை நிதானமாக உறிஞ்சிவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தான்.

“குந்துங்கடா. இன்னொரு தட்டு சொல்லட்டுமா?”